மறைவதைப் பிடிக்கும் பொறி

பொறி என்னும் தமிழ்ச் சொல்லுக்குப் பொருள் பல. அடுப்பிலிருந்து தெறிப்பது தீப்பொறி. மெய், வாய், கண், மூக்கு, செவி என்பன ஐம்பொறிகள். எலியைப் பிடிக்க வைப்பதும் பொறியே. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட ரசாயனப் பொருளுக்கு இம்மூன்றும் ஒருவகையில் பொருந்தும். தீப்பொறிபோல் தோன்றிய கணத்திலேயே மறைவதொன்றை, எலிப்பொறிபோல் அகப்படுத்தி, நம் ஐம்பொறிகளுக்கு எட்டச் செய்வது அது. அந்தப் பொறியைப் பற்றியும், அதனை நம்பி நான் ஒருமுறை ஏமாந்த கதையைப் பற்றியும், அந்த ஏமாற்றத்திலிருந்து கற்றுக்கொண்ட பாடத்தைப் பற்றியும் சிறிது நேரம் உங்களோடு பேசலாம் என்று நினைக்கிறேன்.

முதலில், பிடிபட வேண்டிய பொருள் யாது என்பதைப் பார்ப்போம். எல்லாப் பொருள்களும் அணுக்களால் ஆனவை என்பதும், அணுக்கள் சேர்ந்து மூலக்கூறுகள் ஆகின்றன என்பதும் நாம் அறிந்தவையே. அணுக்களை ஒன்றோடொன்று பிணைத்து வைப்பவை எலெக்ட்ரான்கள். அவை பெரும்பாலும் இரண்டிரண்டாக இணைந்தே இருக்கும்; ஒரு நுகத்தில் இரண்டு காளைகளைப் பூட்டுவது போல. வெப்பத்தாலோ, ஒளியாலோ, வேறு காரணத்தாலோ பிணைப்பு நடுவில் அறுந்து, ஆளுக்கொரு காளையாகப் பிரிந்துபோவதும் உண்டு. அவ்வாறு இணையிழந்த ஒற்றை எலெக்ட்ரானைச் சுமந்து நிற்கும் மூலக்கூற்றுத் துண்டையே தனியுறுப்பு என்கிறோம். ஆங்கிலத்தில் 'ஃப்ரீ ராடிகல்' என்பர். இணையைத் தேடும் அந்த ஒற்றைக் காளைக்கு அமைதி ஏது? அருகில் எது அகப்பட்டாலும் அதன் இணையைப் பிரித்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். இணையிழந்த அடுத்த மூலக்கூறு தானும் தனியுறுப்பாகி, இன்னொன்றைத் தாக்கும். இப்படிச் சங்கிலிபோல் வினை தொடரும்.

இது எங்கோ ஆய்வுக்கூடத்தில் மட்டும் நடப்பதென்று எண்ணிவிட வேண்டாம். பல நாள் வைத்திருந்த எண்ணெயில் காறல் வாடை எழுகிறதே, அது இச்சங்கிலி வினையின் விளைவு. மாடியில் வெயிலில் கிடக்கும் பிளாஸ்டிக் வாளி ஓரிரு கோடையில் நொறுங்கிப்போகிறதே, அதற்கும் தனியுறுப்புகளே காரணம். நாம் மூச்சாக இழுக்கும் பிராணவாயுவில் ஒரு சிறு பங்கு, உடலுக்குள் சூப்பராக்சைடு என்னும் தனியுறுப்பாக மாறுகின்றது. அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகி, அது உடலிலுள்ள இரும்போடு சேர நேர்ந்தால் ஹைட்ராக்சில் என்னும் தனியுறுப்பு பிறக்கக்கூடும். இவ்வினத்தில் இது மிகக் கொடியது. உயிரணுவுக்குள் இதன் ஆயுள், ஒரு நொடியை நூறு கோடிக் கூறுகளாக்கினால் வரும் ஒரு கூற்றின் அளவினதே. அதற்குள் அது எதையாவது தாக்கிவிட்டு மறைந்துவிடும்.

இத்தகைய ஒன்று உண்டென்று மனிதன் எப்படி அறிந்தான்? அந்தக் கதை 1900ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. அங்கே ஆசிரியராக இருந்தவர் மோசஸ் காம்பெர்க். ரஷ்யப் பேரரசில், இன்றைய உக்ரைன் நாட்டுப் பகுதியில், 1866இல் பிறந்தவர். அரசியல் கெடுபிடிக்கு அஞ்சி அவர் குடும்பம் 1884இல் அமெரிக்காவுக்கு ஓடிவந்தது. சிகாகோ நகரத்தின் இறைச்சிக் கிடங்குகளில் கூலிவேலை செய்து, பின்னர் படித்து முன்னேறியவர் அவர். கார்பன் அணு எப்போதும் நான்கு கைகளாலும் பிறவற்றைப் பற்றியே நிற்கும், மூன்று கைகளோடு ஒரு கார்பன் தனித்து நிற்பது இயலாது என்பதே அந்நாளைய ரசாயனிகளின் உறுதியான கொள்கை. அந்தக் கொள்கையை மறுக்க வேண்டும் என்பது காம்பெர்க்கின் நோக்கமன்று. ஹெக்சாபினைல் ஈத்தேன் என்னும் ஒரு சேர்மத்தைச் செய்துபார்க்க வேண்டும் என்பதே அவர் விருப்பம்.

செய்தார்; வெண்ணிறப் படிகமும் கிடைத்தது. ஆனால் அதனை எரித்து அளந்து பார்த்தபோது கணக்கு இடித்தது. விரும்பிய சேர்மமாயின் 93.8 விழுக்காடு கார்பன் இருக்க வேண்டும். கிடைத்ததோ ஏறத்தாழ 88 விழுக்காடு. வேறொருவராயின் அளவையில் பிழை என்று தள்ளியிருக்கலாம். காம்பெர்க் அவ்வாறு செய்யவில்லை. மீண்டும் மீண்டும் செய்தார், எண் மாறவில்லை. அப்படியானால் குறையும் ஆறு விழுக்காட்டின் இடத்தில் வேறு ஏதோ வந்து அமர்ந்திருக்க வேண்டும். அது காற்றிலிருந்த பிராணவாயு என்று கண்டுகொண்டார். பின்னர்க் காற்றை விலக்கி, கரியமில வாயு சூழ்ந்த கலத்தில் அதே வினையை நடத்தினார். மஞ்சள் நிறக் கரைசல் தோன்றிற்று. காற்றுப் பட்டவுடன் பிராணவாயுவையும், அயோடினைச் சேர்த்தவுடன் அயோடினையும் அது வேட்கையோடு பற்றிக்கொண்டது. மூன்று கைகளோடு தனித்து நிற்கும் கார்பனைச் சுமந்த ட்ரைபினைல் மெத்தில் என்னும் தனியுறுப்பு அந்தக் கரைசலில் இருந்தது. இவ்வாறு முதல் தனியுறுப்பு வெளிப்பட்டது.

இதில் நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காம்பெர்க்கின் கலத்தில் அவர் அறியாமலே ஒரு பொறி வைக்கப்பட்டிருந்தது. காற்றிலிருந்த பிராணவாயுவே அந்தப் பொறி. தனியுறுப்பைப் பிடித்து, நிலையான பெராக்சைடாக்கி அவர் கையில் கொடுத்தது அதுதான். பொறியில் அகப்பட்டதைப் பார்த்து, 'இது நான் தேடியது' என்று மகிழாமல், 'இது எவ்வாறு இங்கே வந்தது?' என்று கேட்டதே அவருடைய பெருமை. ஆயினும் அவரும் எல்லாவற்றையும் சரியாகக் கண்டுவிட்டார் என்று சொல்வதற்கில்லை. அந்தத் தனியுறுப்புகள் இரண்டிரண்டாகச் சேரும்போது ஹெக்சாபினைல் ஈத்தேன் உண்டாகிறதென்று அவருக்குப் பின்னும் நெடுங்காலம் நூல்களில் எழுதிவந்தனர். உண்மையில் அவை சேரும் முறை வேறு என்பது 1968இல்தான் உறுதியாயிற்று.

ட்ரைபினைல் மெத்தில் பெரிய உடலுடையது. ஆகவே ஓரளவு நிலைத்து நின்றது. சிறிய தனியுறுப்புகளோ கண்ணிமைப்பதற்குள் மறைவன. அவற்றுள் ஒன்றாகிய மெத்திலை 1929இல் ஜெர்மனியில் பானெத் என்பவரும் அவருடைய துணைவர் ஹோஃபெடிட்சும் மிக அழகான முறையில் பிடித்தனர். ஈயமும் மெத்திலும் சேர்ந்த ஒரு சேர்மத்தின் ஆவியை நீண்ட கண்ணாடிக் குழாய் வழியே விரைவாக ஓடவிட்டு, ஓரிடத்தில் வெளியிலிருந்து சூடேற்றினர். அங்கே ஈயம் பிரிந்து, குழாயின் உட்புறத்தில் கண்ணாடிபோல் பளபளக்கும் படலமாகப் படிந்தது. அடுத்து, ஆவி வரும் திசையில் சற்று முன்னதாக வேறோரிடத்தைச் சூடேற்றினர். அங்கே புதிய படலம் தோன்றியபோது, முதலில் படிந்திருந்த படலம் மெல்ல மெல்லக் கரைந்து மறைந்தது! சூட்டில் விடுபட்ட மெத்தில், ஓடிவரும் வழியில் பழைய ஈயப் படலத்தைத் தின்று, மீண்டும் ஈயத்தோடு சேர்ந்து போய்விட்டது. படலங்களுக்கு இடையேயுள்ள தொலைவை மாற்றிப் பார்த்து, மெத்திலின் ஆயுள் நொடியில் ஆயிரத்தில் சில பங்கே என்றும் கணித்தனர். இங்கே பொறியாக நின்றது ஈயப் படலம்.

குழாயில் ஓடும் ஆவிக்கு இம்முறை பொருந்தும். நீர்க்கரைசலில், உயிருள்ள தசையில் எப்படிக் காண்பது? அதற்கு ஒரு புதிய கண் தேவைப்பட்டது. 1944இல், போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், சோவியத் நாட்டின் கசான் நகரத்தில் சவோய்ஸ்கி என்னும் பௌதிக ஆசிரியர் அந்தக் கண்ணைத் திறந்தார். ஒவ்வோர் எலெக்ட்ரானும் மிகச் சிறிய காந்தம் போன்றது. இணைந்திருக்கும்போது ஒன்றின் காந்தத்தை மற்றொன்று சரிக்கட்டிவிடும். ஒற்றையாயின் அதன் காந்தம் வெளிப்பட்டு நிற்கும். அப்பொருளை வலிய காந்தத்தின் இரு முனைகளுக்கிடையே வைத்து, அதன்மேல் நுண்ணலைகளைப் பாய்ச்சினால், காந்தப்புலம் ஒரு குறிப்பிட்ட அளவை அடையும்போது அந்த ஒற்றை எலெக்ட்ரான் அலையை உறிஞ்சும். அந்த உறிஞ்சலைக் கருவி ஒரு கோடாக வரைந்து காட்டும். அருகில் நைட்ரஜன், ஹைட்ரஜன் முதலிய அணுக்கரு இருந்தால் அந்தக் கோடு பலவாகப் பிளவுபடும். பிளவின் எண்ணிக்கையும் இடைவெளியும், எலெக்ட்ரானின் அண்டைவீட்டார் யார் யார் என்பதைத் தெரிவிக்கும்.

கண் கிடைத்தது, ஆனால் காண்பதற்குள் பொருள் மறைந்துவிடுகிறதே! இந்த இடருக்கு 1968ஆம் ஆண்டையொட்டி ஜப்பான், ஹாலந்து, இங்கிலாந்து, சுவீடன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் ஆய்வாளர்கள் தனித்தனியே ஒரே வகையான தீர்வைக் கண்டனர். அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ஜான்சென் என்பவர் பிளாக்பர்ன் என்பவரோடு சேர்ந்து செய்த பணி அவற்றுள் ஒன்று. 'ஸ்பின் டிராப்பிங்' என்று இம்முறைக்குப் பெயர் சூட்டியவரும் ஜான்செனே. ஒற்றை எலெக்ட்ரானின் தற்சுழற்சியைக் கொண்டே அதனைக் காண்பதால் தற்சுழற்சிப் பொறி என்று நாம் சொல்லலாம்.

இந்தப் பொறிகளுள் பெயர்பெற்றவை நைட்ரோன் என்னும் வகையைச் சேர்ந்தவை. நைட்ரோனில் ஒரு கார்பன் அணுவும் நைட்ரஜன் அணுவும் இரட்டைப் பிணைப்பால் சேர்ந்திருக்கும். அந்த நைட்ரஜனோடு ஒரு பிராணவாயு அணு ஒட்டியிருக்கும். அலையும் தனியுறுப்பு அந்தக் கார்பனில் வந்து ஒட்டிக்கொள்ளும். அதன் ஒற்றை எலெக்ட்ரான் அழிந்துவிடுவதில்லை. நைட்ரஜனும் பிராணவாயுவும் அதனைப் பங்கிட்டுக்கொண்டு அமைதியாக வைத்திருக்கும். துள்ளித் திரிந்த ஒற்றைக் காளையைத் தொழுவத்தில் கட்டிவிட்டதுபோல் ஆகிறது. நூறு கோடியில் ஒரு பங்கு நொடி வாழ்ந்தது இப்போது பல நிமிடங்கள் வாழ்கிறது. ஆற அமர அதனை அளக்கலாம்.

உயிரியல் ஆய்வுகளில் மிகுதியாக வழங்கும் நைட்ரோன் ஒன்றின் முழுப்பெயர் 5,5-டைமெத்தில்-1-பைரோலின்-என்-ஆக்சைடு. பெயர் நீளமாயிருப்பதால் டி.எம்.பி.ஓ. என்றே ஆய்வுக்கூடங்களில் அழைப்பர். தூயதாயின் நிறமற்றது. 25 முதல் 29 பாகை சூட்டிலேயே உருகிவிடும். ஆகவே நம் ஊர்க் கோடையில் மேசைமேல் வைத்தால் திண்மமாய் நிற்காது. ஒளியும் காற்றும் அதற்கு ஆகா. இருளில், உறைகுளிரில் வைத்துக் காக்க வேண்டும். ஹைட்ராக்சில் இதில் அகப்பட்டால் கருவி நான்கு கோடுகளை வரையும். நைட்ரஜன் ஒரு கோட்டை மூன்றாக்குகிறது. ஹைட்ரஜன் அம்மூன்றில் ஒவ்வொன்றையும் இரண்டாக்குகிறது. ஆறு கோடுகள் வரவேண்டுமே என்று நீங்கள் கேட்கலாம். இரு பிளவுகளும் ஏறத்தாழ 14.9 காஸ் என்னும் ஒரே அளவினவாதலால், நடுவிலுள்ள கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நான்காகிவிடுகின்றன. உயரத்தில் ஒன்று, இரண்டு, இரண்டு, ஒன்று என்னும் விகிதத்தில், இரு சிறு கோபுரங்களுக்கு நடுவே இரு பெரிய கோபுரங்கள் நிற்பதுபோல் தோன்றும். ஒருமுறை பார்த்தவர் மறக்க இயலாத உருவம் அது.

அந்த நான்கு கோபுரங்களைப் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன்.

அப்போது நான் ஆராய்ச்சி மாணவன். இரும்பின் முன்னிலையில் ஒரு நொதி ஹைட்ராக்சிலை உண்டாக்குகிறதா என்று கண்டறிவது எனக்கு அளிக்கப்பட்ட பணி. பல மாதங்கள் முயன்றும் ஒன்றும் தெளிவாகவில்லை. ஒருநாள் இரவு நொதியையும் இரும்பு உப்பையும் பொறியையும் நீரில் சேர்த்துக் கருவியில் வைத்தேன். எழுதுகோல் மெல்ல நகர்ந்து ஒன்று, இரண்டு, இரண்டு, ஒன்று என வரைந்தது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மாநாடொன்றுக்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்ப வேண்டிய கடைசி நாள் மறுநாளாக இருந்தது. ஆசிரியர் ஊரில் இல்லை. அவர் வரும்வரை பொறுக்க மனமின்றி, நொதி ஹைட்ராக்சிலை உண்டாக்குகிறது என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

ஆசிரியர் திரும்பி வந்ததும் வரைபடத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே ஓடினேன். திண்ணையில் அமர்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நெடுநேரம் அதைப் பார்த்தார்.

"நன்றாக வந்திருக்கிறது, தம்பி. நொதி இல்லாத குழாயில் என்ன வந்தது?" என்று கேட்டார்.

"அதில் ஒன்றும் வராது, ஐயா" என்றேன்.

"வராது என்பது உன் எண்ணம். வந்ததா என்றல்லவா நான் கேட்கிறேன்?"

எனக்கு மறுமொழி இல்லை. அந்தக் குழாயை நான் வைத்துப் பார்க்கவே இல்லை. அன்று மாலையே வைத்தேன். நொதியை நீக்கி, நீரும் இரும்பு உப்பும் பொறியும் மட்டும் கலந்து கருவியில் இட்டேன். எழுதுகோல் நகர்ந்தது. அதே நான்கு கோபுரங்கள், அதே உயரத்தில், எழுந்து நின்றன.

என் கால்கள் தளர்ந்தன என்று சொன்னால் மிகையாகாது. அதன்பின் ஆசிரியர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாய்ச் செய்து பார்த்தேன். பொறியின் புட்டியை எடுத்துப் பார்த்தால், கரைசல் சற்றே மஞ்சளித்திருந்தது. அதனை உயிர்ப்பித்த கரித்தூளில் வடிகட்டித் தூய்மை செய்தேன். கோபுரங்கள் சற்றுத் தாழ்ந்தனவேயன்றி மறையவில்லை. அடுத்து, சிறிதளவு எத்தில் ஆல்ககாலைச் சேர்த்தேன். உண்மையான ஹைட்ராக்சிலாக இருந்தால் அது முந்திக்கொண்டு ஆல்ககாலைத் தாக்கியிருக்கும். ஆல்ககாலிலிருந்து பிறந்த வேறொரு தனியுறுப்பு பொறியில் விழுந்து, ஆறு கோடுகள் தோன்றியிருக்கும்; நான்கு கோடுகள் தாழ்ந்திருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கடைசியாக, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் பிசின் வழியே நீரை வடித்து, இரும்பு உப்பையும் விட்டுவிட்டுப் பார்த்தேன். கோபுரங்கள் விழுந்தன. வெறும் கோடு நேராக ஓடிற்று.

நடந்தது இதுதான். இரும்பின் தூண்டுதலால் நீர் மூலக்கூறே நேராகப் பொறியில் ஒட்டிக்கொண்டது. பின்னர் அந்த இரும்பே அதிலிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பறித்தது. முடிவில் கிடைத்த பொருள், ஹைட்ராக்சில் அகப்பட்டிருந்தால் எது கிடைக்குமோ, அதுவே. ஆனால் அந்தக் குழாயில் ஹைட்ராக்சில் ஒருபோதும் பிறக்கவே இல்லை! இவ்வழியை ஃபாரெஸ்டர், ஹெப்பர்ன் என்னும் இருவர் 1971இலேயே எழுதிவைத்திருந்தனர். நான் படிக்காததற்கு அவர்கள் என்ன செய்வார்கள்? விடியற்காலையில் எலிப்பொறி மூடியிருப்பதைக் கண்டு, எலி அகப்பட்டது என்று வீட்டாரை எழுப்புகிறோம். இரவில் காற்றடித்தாலும் அதன் கதவு விழும் என்பதை நாம் நினைப்பதில்லை.

மாநாட்டுக்கு எழுதி, என் சுருக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அந்தக் கடிதத்தை எழுதுவதற்கு எனக்கு மூன்று நாள் பிடித்தது. ஆசிரியர் அதைப் படித்துப் பார்த்து, ஒரு சொல்லையும் மாற்றாமல் கையொப்பமிட்டார். என்னைக் கடிந்துகொள்ளவும் இல்லை. ஆனால் அன்று முதல் நான் எந்த வரைபடத்தைக் கொண்டுசென்றாலும், "மற்றக் குழாய் எங்கே?" என்றே முதலில் கேட்பார். பின்னர், அவர் கேட்பதற்கு முன்பே இரண்டையும் சேர்த்து வைப்பது எனக்கு வழக்கமாயிற்று.

பொறி நம்மை ஏமாற்றும் வழி இது ஒன்றன்று. சூப்பராக்சைடும் டி.எம்.பி.ஓ.வில் அகப்படும், மெதுவாகத்தான் அகப்படும். அப்படி உண்டாகும் பொருள் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் பாதியாகிவிடும். அது சிதையும்போது ஹைட்ராக்சில் அகப்பட்டதற்குரிய பொருளாகவே மாறிவிடும். பார்ப்பவர், 'இங்கே கொடியது ஒன்று இருந்தது' என்று முடிவு செய்வார். இருந்ததோ அதைவிடச் சாதுவானது. இக்குறையை நீக்க 1990களில் பிரான்சின் மார்செய் நகரத்து ரசாயனிகள் பாஸ்பரஸ் சேர்ந்த புதிய நைட்ரோன் ஒன்றைச் செய்தனர். அதில் அகப்படும் சூப்பராக்சைடு கால்மணி நேரத்தின் அளவு நிலைக்கும். ஹைட்ராக்சிலின் வேடம் புனைந்து மயக்குவதும் இல்லை. பொறியின் குறையை அறிந்தவர்களே அதைவிடச் சிறந்த பொறியைச் செய்ய முடிந்தது.

'ஓர் ஆய்வுக்கூடத்துக் குழாயில் நான்கு கோடுகள் தோன்றினால் என்ன, தோன்றாவிட்டால் என்ன?' என்று நேயர்கள் கேட்கலாம். அதற்கு மறுமொழியாக ஒரு வரலாற்றைச் சொல்கிறேன். நைட்ரோன் தனியுறுப்புகளைப் பிடிக்கிறது. தனியுறுப்புகள் உடலைக் கெடுக்கின்றன. ஆகவே நைட்ரோனையே மருந்தாகக் கொடுத்தால் என்ன என்னும் எண்ணம் இயல்பாகவே எழுந்தது. ஜான்சென் கையாண்ட ஃபினைல் பியூட்டைல் நைட்ரோனைக் கொண்டு 1988இல் அமெரிக்க மருத்துவர்கள், நாய்களின் இதயத்தில் இரத்த ஓட்டத்தைச் சிறிது நேரம் நிறுத்தி மீண்டும் விட்டபோது தனியுறுப்புகள் தோன்றுவதைக் காட்டியிருந்தனர். அந்த நைட்ரோனோடு இரண்டு சல்ஃபோனேட்டுத் தொகுதிகளைச் சேர்த்து, நீரில் நன்கு கரையும்படி செய்த ஒன்று, பக்கவாத நோய்க்கு மருந்தாகச் சோதிக்கப்பட்டது. என்.எக்ஸ்.ஒய்.059 என்பது அதன் குறிப்பெயர். எலிகளிலும் பிற விலங்குகளிலும் அது மூளையின் சேதத்தைக் குறைத்ததாகக் கண்டனர்.

மூளையின் இரத்தக்குழாய் அடைபட்டுப் பக்கவாதம் கண்டவர்களுக்கு, நோய் தொடங்கிய 6 மணி நேரத்துக்குள் இம்மருந்து செலுத்தப்பட்டது. ஏறத்தாழ 1,700 நோயாளிகளைக் கொண்ட முதற் பெருஞ்சோதனையின் முடிவு 2006இல் வெளிவந்தது. மருந்து பெற்றவர்களின் ஊனம் சிறிதளவு குறைந்திருந்தது. எத்தனையோ குடும்பங்களின் நெஞ்சில் நம்பிக்கை பிறந்திருக்கும்! ஆனால் அம்முடிவோடு நிற்காமல், 3,300 பேர் அளவில் இரண்டாவது சோதனையையும் நடத்தினர். 2007இல் அதன் முடிவு வந்தது. மருந்து பெற்றவர்களுக்கும் வெறும் நீர்மம் பெற்றவர்களுக்கும் வேறுபாடே இல்லை. அத்தோடு அம்முயற்சி நின்றது.

பின்னர், 2008இல், விலங்குகளில் நடந்த பழைய சோதனைகளையெல்லாம் சில ஆய்வாளர்கள் ஒருங்கே எடுத்துச் சீர்தூக்கினர். எந்த விலங்குக்கு மருந்து, எந்த விலங்குக்கு வெறும் நீர்மம் என்பதை நடுவுநிலையோடு பகுத்து, அளப்பவருக்கு அதனை மறைத்து நடத்திய சோதனைகளில் பயன் குறைவாகவும், அக்கட்டுப்பாடு தளர்ந்த சோதனைகளில் பயன் மிகுதியாகவும் தோன்றியிருந்தது. இதைப் படித்தபோது என் ஆசிரியரின் திண்ணை நினைவுக்கு வந்தது. வெறும் நீர்மம் பெற்ற நோயாளியும், மருந்து பெறாத விலங்கும், நொதி இல்லாத என் குழாயும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. நாம் விரும்புவது அங்கே இல்லாதபோதும் கோபுரம் எழுகிறதா என்று அவை நமக்குச் சொல்கின்றன. என் தவற்றினால் கெட்டது ஒரு கட்டுரைச் சுருக்கம். மருத்துவத்தில் அதே தவறு நேர்ந்தால் நோயாளிகள் வீணே காத்திருக்க நேரிடும். வேறு வழியில் சென்றிருக்க வேண்டிய உழைப்பும் பொருளும் ஆண்டுக்கணக்கில் வீணாகும். அந்த இரண்டாவது சோதனையை நடத்தத் துணிந்தவர்களை நான் வணங்குகிறேன். நல்ல முடிவு கையிலிருக்கும்போது அதனை மறுபடியும் சோதிப்பது எளிய செயலன்று.

இதனால் தற்சுழற்சிப் பொறி பயனற்றது என்று நான் சொன்னதாகக் கொள்ளலாகாது. இன்றும் எண்ணெய் எவ்வாறு கெடுகிறது, நொதிகள் எவ்வாறு இயங்குகின்றன, ஒளிபட்ட பொருள்களில் என்ன நிகழ்கிறது என்பவற்றை ஆராய அது சிறந்த துணை. அதைப் போல வேறொன்று கிடைப்பது அரிது. ஆனால் அகப்பட்ட பொருளை மட்டுமே பொறி காட்டும். அது அங்கே வந்த வழியை நாம்தான் விசாரித்து அறிய வேண்டும். ஆல்ககாலைச் சேர்த்துப் பார்ப்பது ஒரு விசாரணை. இரும்பை நீக்கிப் பார்ப்பது மற்றொரு விசாரணை. நொதி இல்லாத குழாயை அருகில் வைப்பது எல்லாவற்றுக்கும் முதலான விசாரணை.

என் ஆசிரியர் இப்போது இல்லை. நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். அந்த முதல் வரைபடத்தை மட்டும் நான் எறியவில்லை. மேசையின் இழுப்பறையில், மறுநாள் மாலை வரைந்த இரண்டாவது படத்தோடு சேர்த்து வைத்திருக்கிறேன். என்னிடம் ஆராய்ச்சி செய்ய வந்த மாணவர் ஒவ்வொருவருக்கும் முதல் நாளில் அவ்விரண்டையும் எடுத்துக் காட்டுவது என் வழக்கமாக இருந்தது. எது நொதி உள்ள குழாய், எது இல்லாத குழாய் என்று சொல்லும்படி கேட்பேன். இதுவரை ஒருவராலும் சொல்ல முடிந்ததில்லை. படங்களின் பின்புறத்தில் தேதி எழுதியிராவிட்டால் என்னாலும் சொல்ல முடியாது.